இரண்டு மூடி தண்ணீர்

“தண்ணியில நின்ன பிறகு திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?”

2015 டிசம்பர் மாதம், ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் இன்சூரன்ஸ் சர்வேயர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருக்குப் பின்னால் வெள்ளத்தில் சிக்கிய கார்கள் வரிசையாக நின்றன. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன, கழற்றிய சீட்டுகள் வெயிலில் காய்ந்தன, சேற்று வாடை மூக்கைத் துளைத்தது. அவர் கேட்டதில் கோபமோ சந்தேகமோ இல்லை. வரிசையில் நின்ற எல்லோரிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தார்.

நான் யோசிக்காமல், “ஒரே ஒரு தடவை சார்” என்றேன். எழுதிக்கொண்டார். அந்த நான்கு வார்த்தைகளுக்கு எவ்வளவு விலை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சீட், வயரிங், உள் அலங்காரம் எல்லாவற்றுக்கும் பணம் கிடைத்தது. என்ஜினுக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, ஒரு சாவியைத் திருப்புவதற்கும் ஒரு என்ஜின் சாவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவ்வப்போது தேடிப் படித்தேன். தேடப்போனால் விஷயம் காருக்கும் முன்னால், நீராவி ரயில் காலத்திற்குப் போய்விட்டது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். புலம்பல் பதிவு இல்லை. கொஞ்சம் புலம்பல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்தது

டிசம்பர் 1 மாலை. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவான நாள் அது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் மறுநாள்தான் எங்களுக்குத் தெரியும். ஆபீஸிலிருந்து வேளச்சேரி வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். டீசல் ஹேட்ச்பேக். தண்ணீர் சக்கரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு கார்கள் போய்விட்டன, நாமும் போய்விடலாம் என்ற நம்பிக்கை. முதல் கியர், ஆக்சிலரேட்டரை விடக்கூடாது என்று யாரோ சொன்னது ஞாபகம் இருந்தது.

எதிரே ஒரு பஸ் வந்தது. அது கிளப்பிய அலை பானட் மேல் ஏறி வைப்பர் வரைக்கும் வந்தது. என்ஜின் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. இருமவில்லை, திணறவில்லை, நேராக நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். பதற்றத்தில் சாவியைத் திருப்பினேன். இன்னொரு ‘டக்’. அவ்வளவுதான்.

எந்த ‘டக்’ என் என்ஜினைக் கொன்றது? முதலாவதா, இரண்டாவதா? இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

கொஞ்சம் கணக்கு

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சும், மேலே ஏறும்போது அதை அழுத்தும். மேலே போய் நிற்கும் இடத்தில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி மிச்சமிருக்கும். காற்று அந்த இடத்திற்குள் அடங்கிக்கொள்ளும், ஏனென்றால் காற்றைச் சுருக்கலாம். தண்ணீரைச் சுருக்க முடியாது. அந்த இடைவெளியை விட ஒரு சொட்டு அதிகமாகத் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே போக வழியில்லை. ஆனால் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது நிற்காது. நடுவில் மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராட். வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும், சில நேரம் உடைந்து என்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். மெக்கானிக்குகள் இதை ஹைட்ரோஸ்டேட்டிக் லாக் அல்லது ஹைட்ரோலாக் என்கிறார்கள்.

எவ்வளவு தண்ணீர் போதும்? 1200 சிசி பெட்ரோல் என்ஜின், நான்கு சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. அழுத்த விகிதம் 10 என்றால் மிச்சமிருக்கும் இடைவெளி 300-ஐ 9-ஆல் வகுக்க, சுமார் 33 மில்லி. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 10 மில்லி மூடியால் மூன்று மூடிக்குக் கொஞ்சம் மேல்.

டீசலுக்கு அழுத்த விகிதம் அதிகம். 1250 சிசி, நான்கு சிலிண்டர், விகிதம் 17 என்றால் 312-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 20 மில்லி. இரண்டு மூடி.

இன்னொரு பக்கம் உறிஞ்சும் வேகத்தைப் பாருங்கள். இதே 1250 சிசி டீசல் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை உறிஞ்சுவதால், நிமிடத்திற்கு 1,875 லிட்டர் காற்று உள்ளே போகும். நிமிடத்திற்கு இரண்டாயிரம் லிட்டர் இழுக்கக்கூடிய ஒரு வாய், இரண்டு மூடி தண்ணீரில் செத்துவிடும். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கு நான் செய்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரிந்தது.

இங்கே ஒரு பரவலான தப்பு நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும், அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள். ஓடுகிற என்ஜினின் புகை அழுத்தம் சாதாரணமாகத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஆபத்து முன்பக்கம், காற்று உள்ளே போகும் வாயில்தான். ரேஸ் கொடுத்து வேகமாகப் போனால் காருக்கு முன்னால் அலை எழும்பி, அந்த வாய்க்கே தண்ணீரை ஊட்டிவிடும்.

ரயில்காரர்களுக்குத் தெரிந்திருந்தது

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயிலின் நீராவி என்ஜின் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். புகைபோக்கியிலிருந்து வருவது புகை. அது தவிர, கிளம்பும்போது கீழே சக்கரங்களுக்குப் பக்கத்திலிருந்தும் இரண்டு பக்கமும் வெள்ளை நீராவி சீறிக்கொண்டு வரும். சின்ன வயதில் அது சும்மா கெத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

அது கெத்து இல்லை, பயம். நின்றுகொண்டிருக்கும் என்ஜினின் சிலிண்டர் ஆறிப்போயிருக்கும். முதலில் வரும் நீராவி அந்தக் குளிர்ந்த இரும்பில் பட்டுத் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரோடு பிஸ்டன் முழு வேகத்தில் வந்து மோதினால் சிலிண்டர் மூடி பெயர்ந்துவிடும். அதனால் சிலிண்டரின் அடியில் சின்னக் குழாய்த் திருகுகள் வைத்தார்கள். டிரைவர் கிளம்பும் முன் அவற்றைத் திறந்துவைத்து, சில சுற்றுகள் தண்ணீரைச் சீறி வெளியேற்றிவிட்டு, பிறகு மூடுவார். கொதிகலனில் தண்ணீர் மட்டம் அளவுக்கு மீறினாலும் நீராவியோடு தண்ணீர் சிலிண்டருக்கு வந்துவிடும். அதற்கும் இதே மருந்துதான்.

அதாவது, சிலிண்டருக்குள் தண்ணீர் வரும் என்பதை ரயில் என்ஜினை வடிவமைத்தவர்கள் சாதாரண நிகழ்வாக எடுத்துக்கொண்டார்கள். வெளியேற ஒரு வழியும், திறக்க ஒரு கைப்பிடியும், அதைத் திறக்கத் தெரிந்த ஒரு மனிதனும் இருந்தார்கள். கார் என்ஜினில் இந்த மூன்றும் இல்லை.

விமானத்தில் எண்ணெய்

அடுத்து இதே பிரச்சினையைச் சந்தித்தவர்கள் விமானக்காரர்கள். பழைய ரேடியல் என்ஜினில் சிலிண்டர்கள் பூவிதழ் மாதிரி வட்டமாக இருக்கும். டகோட்டா விமானத்தின் ட்வின் வாஸ்ப் என்ஜினில் 14 சிலிண்டர்கள், ஏழு ஏழாக இரண்டு வட்டம். இதில் கீழே இருப்பவை தலைகீழாகத் தொங்கும். விமானம் இரவெல்லாம் நின்றால் எண்ணெய் கசிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கும். தண்ணீரோ எண்ணெயோ, இரண்டும் சுருங்காது.

அதனால் என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் தரையில் நிற்கும் ஆட்கள் புரொப்பெல்லரைக் கையால் பிடித்துச் சுற்றுவார்கள். பழைய போர்ப் படங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். என்ஜினைச் சூடுபடுத்துகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் தடவிப் பார்க்கிறார்கள். எங்கேயாவது இடறினால் உடனே நிறுத்தி, கீழ் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிடுவார்கள். இடறினால் பின்பக்கமாகச் சுற்றி விடுவிக்கக்கூடாது என்பதும் கண்டிப்பான விதி. அப்படிச் செய்தால் எண்ணெய் காற்றுக்குழாய்க்குள் ஒளிந்துகொண்டு, ஸ்டார்ட் ஆனதும் திரும்ப உள்ளே வரும்.

இவ்வளவு கவனத்திற்குக் காரணம் இருந்தது. கனெக்டிங் ராட் லேசாக வளைந்திருந்தால் அப்போதைக்கு என்ஜின் ஓடிவிடும். பல மணி நேரம் கழித்து, நடுவானில் உடையும். கார்களிலும் இதே கதை உண்டு. தண்ணீர் புகுந்து நின்ற காரைக் காய வைத்து ஓட்டியவர்களுக்கு, சில வாரங்கள் கழித்து நெடுஞ்சாலையில் என்ஜின் வெடித்த மாதிரி உடைந்திருக்கிறது.

ஒரே ஆள், இரண்டு கண்டுபிடிப்பு

ஆரம்பகாலக் கார்களுக்கும் இந்தத் ‘தடவிப் பார்க்கும்’ வசதி இருந்தது. முன்னால் ஒரு கம்பியைச் செருகிக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கம்பி அசையாது. மனிதக் கைக்கு ராடை வளைக்கும் பலம் கிடையாது. என்ன, சில நேரம் கம்பி எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை உடைக்கும்.

அந்தக் கம்பியை ஒழித்தவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் கெட்டரிங். அவர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருட கேடிலாக் கார்களில் வந்தது. இன்றைக்கு நாம் சாவியைத் திருப்புவதும் பட்டனை அழுத்துவதும் அவர் புண்ணியத்தில்தான். மணிக்கட்டுகள் தப்பின. கூடவே, என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று உணரக்கூடிய கையும் போய்விட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு உணர்ச்சி கிடையாது.

அதே கெட்டரிங் அதற்குக் கொஞ்சம் முன்பு இன்னொன்றையும் செய்திருந்தார். பேட்டரி, காயில், டிஸ்ட்ரிபியூட்டர் வைத்து ஸ்பார்க் கொடுக்கும் முறை. இதுதான் அடுத்த அறுபது எழுபது வருடங்கள் உலகம் முழுக்கக் கார்களை ஓட்டியது. நம்ம அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இதில் ஓடியவைதான். இதற்கு ஒரு பெரிய பலவீனம், ஈரம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் கொஞ்சம் ஈரம் பட்டால் ஸ்பார்க் தப்பான வழியில் ஓடிவிடும், என்ஜின் நின்றுவிடும்.

1959-ல் வந்த பிரிட்டிஷ் மினி கார் இதற்குப் பேர்போனது. என்ஜினைக் குறுக்காக வைத்ததில் டிஸ்ட்ரிபியூட்டர் நேரே முன்கிரில்லுக்குப் பின்னால் வந்துவிட்டது. கனமழையில் ஓட்டினாலே நின்றுவிடும். ரப்பர் கையுறையை வெட்டி அதன்மேல் மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

என் பெரியப்பா வைத்திருந்த அம்பாசடரிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போகும் வழியில் ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் அதன்மேல் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் போகும். இறங்கும் முன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார். இல்லாவிட்டால் ஃபேன் தண்ணீரை வாரி என்ஜின் மேல் இறைக்கும். அப்படியும் ஒரு தடவை பாதிப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. அவர் பதறவில்லை. நாங்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கரையேறியதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, வாயால் ஊதி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தார். ஒரு பீடி பிடித்து முடித்தார். திரும்ப மாட்டினார், வண்டி கிளம்பியது.

“தண்ணி பட்டா நிக்கத்தான்டா செய்யும், காஞ்சா ஓடும்” என்றார்.

2015-ல் என் மனதில் ஓடியது இந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். தண்ணீர் பட்டால் நிற்கும், காய்ந்தால் ஓடும்.

அவர் சொன்னது அவர் வண்டிக்குச் சரி. அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் பக்கவாட்டில், கீழே இருந்தது. காற்று உறிஞ்சும் ஏர் ஃபில்டர் என்ஜினுக்கு மேலே, பானட்டை ஒட்டி இருந்தது. தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது ஸ்பார்க். தண்ணீர் காற்றுக்குழாய்க்குப் போவதற்கு வெகு முன்னாலேயே என்ஜின் நின்றுவிடும். எங்கள் தொழிலில் இப்படிப்பட்டதை, உடைந்தாலும் பாதுகாப்பான பக்கமாக உடைவது என்போம். வீட்டு ஃப்யூஸ் மாதிரி. ஆனால் இதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த ஒரு குறைதான் என்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

போர் கற்றுக்கொடுத்தது

தண்ணீரில் காரை ஓட்டுவதை முதன்முதலில் பெரிய அளவில் யோசித்தவர்கள் இராணுவத்தினர். 1942 ஆகஸ்டில் பிரான்ஸின் தியெப் கடற்கரையில் இறங்கிய சர்ச்சில் டாங்கிகளுக்கு, காற்றும் புகையும் போக உயரமான தகரக் குழாய்கள் பொருத்தியிருந்தார்கள். 1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்தில் அதே உத்தி ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குப் பரவியது. ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், வயர்கள் எல்லாவற்றின் மீதும் அஸ்பெஸ்டாஸ் நார் கலந்த கிரீஸை அப்பினார்கள். காற்றுக்குழாயை மேலே நீட்டினார்கள். கரையேறியதும் இதையெல்லாம் பிய்த்தெறிய வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் சூடாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள் என்பது. ஸ்பார்க்கை மூடினால் காற்றுக்குழாயையும் உயர்த்தியாக வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால், தண்ணீருக்குள் நிற்காமல் ஓடும் என்ஜின் தண்ணீரைக் குடித்துவிடும். 1950-களின் தொடக்கத்தில் வந்த அமெரிக்க எம்38 ஜீப்பில் ஸ்பார்க் அமைப்பைத் தொழிற்சாலையிலேயே தண்ணீர் புகாதபடி அடைத்துக் கொடுத்தார்கள். ஆழமான தண்ணீரில் இறங்க, காற்றுக்குழாயை உயர்த்தும் உபகரணம் தனியாக உண்டு.

இந்த உயரக் குழாய்க்கு இன்று ஜீப் பிரியர்கள் சொல்லும் பெயர் ஸ்நார்க்கெல். அது நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்த ஜெர்மன் சொல். நெதர்லாந்துக் கடற்படை முதலில் உருவாக்கியதை, 1940-ல் அந்த நாட்டைப் பிடித்த ஜெர்மனி எடுத்துக்கொண்டு, 1944-ல் தன் யு-போட்களில் பரவலாகப் பயன்படுத்தியது. கப்பல் தண்ணீருக்குள் இருந்தபடியே குழாய் மட்டும் மேலே நீட்டி டீசல் என்ஜினுக்குக் காற்று எடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விவரம் இங்கேதான். அந்தக் குழாயின் தலையில் ஒரு மிதவை வால்வு உண்டு. அலை வந்து மூடினால் வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். ஆனால் டீசல் என்ஜின் உறிஞ்சுவதை நிறுத்தாது. தண்ணீருக்குப் பதில் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே இழுக்க ஆரம்பிக்கும். உள்ளே இருப்பவர்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும், வலிக்கும். அலை விலகியதும் வால்வு திறக்கும். காது வலித்தாலும் பரவாயில்லை, என்ஜினுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்பது முடிவு. கார் ஸ்நார்க்கெலில் இந்த வால்வு கிடையாது. உயரம் மட்டும்தான் பாதுகாப்பு.

குறை சரியானது, காப்பும் போனது

பிறகு நடந்ததை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்ததும் கார்களில் கார்புரேட்டர் மறைந்தது. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் பெட்ரோல் ஊசி முறை வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் போய், ஒவ்வொரு பிளக்கின் மேலும் ரப்பரால் இறுக்கி மூடிய காயில் வந்தது. மழையில் கார் நிற்கும் வியாதி ஒழிந்தது. இன்னொரு பக்கம், குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், சக்தி கூடும் என்பதால் காற்று உறிஞ்சும் வாயை என்ஜின் மேலிருந்து எடுத்து முன்பக்கம், கிரில் அல்லது ஹெட்லைட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். டீசல் கார்களுக்கோ எப்போதுமே ஸ்பார்க் கிடையாது, நனைந்து நிற்க அங்கே ஒன்றுமே இல்லை.

முன்பு ஸ்பார்க் கீழே, காற்று மேலே. இப்போது ஸ்பார்க் நனையாது, காற்று கீழே. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் முன்னேற்றம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நார்மண்டியில் தெரிந்திருந்த பாடத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறு பாதியை விட்டுவிட்டோம். மென்பொருளில் பழைய ‘பக்’ ஒன்றைச் சரிசெய்த பிறகு, அந்த பக்கை நம்பி வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது தெரியவரும் இல்லையா, அது மாதிரி.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நகரத்தில் இந்தப் புதிய வகைக் கார்கள் நிறைய வந்துவிட்டிருந்தன. பத்து வருடம் கழித்து சென்னை.

சாவியும் சட்டமும்

இனி சர்வேயர் கேள்விக்கு வருவோம்.

இந்தியாவின் பொதுவான மோட்டார் பாலிசியில் வெள்ளம் கவர் ஆகும். ஆனால் ‘கான்சிக்வென்ஷியல் லாஸ்’, அதாவது விபத்தைத் தொடர்ந்து வரும் மறைமுக இழப்பு, இயந்திரக் கோளாறு ஆகியவை கவர் ஆகாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எல்லாம் உரிமையாளர் எடுக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு பழுது பார்க்காமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் அவர் பொறுப்பு. அதே நிபந்தனை, வண்டியைத் தகுந்த பாதுகாப்பில்லாமல் அப்படியே விட்டுவிட்டும் போகக்கூடாது என்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துக் கடைப்பிடிப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதன் வேர் கடல் காப்பீட்டில் இருக்கிறது. பிரிட்டனின் 1906-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவும், அதை ஒட்டி எழுதிய நம்முடைய 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே எண் பிரிவும், இழப்பின் அண்மைக் காரணம் எது என்று கேட்கின்றன. அலை கப்பலை உடைத்ததா, அல்லது அலைக்குப் பிறகு மாலுமி செய்த காரியமா? என் வழக்கில் அலை ஒன்று, சாவி இன்னொன்று. வெள்ளத்தால் தண்ணீர் புகுந்தது, ஆனால் ராட் வளைந்தது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் என்பது கம்பெனி வாதம்.

என் கணக்கையும் சொல்கிறேன். சுற்றும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். பஸ் அலை வந்தபோது என்ஜின் சுமார் 2000 ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் சுற்றுவது 250 ஆர்பிஎம் என்று வைத்தால், எட்டு மடங்கு வேகம், 64 மடங்கு ஆற்றல். முதல் ‘டக்’தான் கொன்றது என்று நான் வாதிடலாம். ஆனால் இது எனக்கு வசதியான கணக்கு என்பதும் எனக்குத் தெரியும். ஸ்டார்ட்டருக்குப் பின்னால் பேட்டரியின் முறுக்கு இருக்கிறது, அதுவும் ராடை வளைக்க வல்லது.

என்ஜினைப் பிரித்தபோது ஒர்க்‌ஷாப்பின் வயதான மெக்கானிக் சிலிண்டருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் கரி ஒரு கோடாகப் படிந்திருக்கும். ராட் வளைந்தால் பிஸ்டன் அந்தக் கோடு வரைக்கும் எட்டாது. வளைந்த பிறகும் என்ஜின் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் சற்றுக் கீழே இன்னொரு கோடு விழும். ராட் எப்போது வளைந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

“உங்க வண்டியில ஒரு கோடுதான் சார் இருக்கு. வளைஞ்ச உடனே நின்னுருக்கு. அலையா சாவியான்னு இதுல தெரியாது” என்றார்.

எங்கள் வேலையில் எதற்கும் லாக் ஃபைல் இருக்கும், எந்த நொடியில் எது உடைந்தது என்று பார்க்கலாம். இங்கே இரண்டு ‘டக்’குக்கும் நடுவே பத்து நொடி, அதற்குப் பதிவே இல்லை. பதிவில்லாத இடத்தை நிரப்பத்தான் அந்தக் கேள்வி. பதில் ‘ஆமாம்’ என்றால் சாவிதான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

2007 ஜனவரியில் மோட்டார் இன்சூரன்ஸின் கட்டண நிர்ணயம் தளர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு என்ஜின் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் விற்க ஆரம்பித்தார்கள். நான் 2015-ல் அதை எடுத்திருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வரிசையில் எனக்கு அடுத்து நின்றவர் என்னைப் பார்த்துவிட்டு, “இல்ல சார், தொடவே இல்ல” என்றார். அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். திரும்ப அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அதே பதில்தான் சொல்வேன் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது முறை அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வேன் என்பதுதான் சந்தேகம்.

இப்போது

தேடியதிலிருந்து கிடைத்த பயனுள்ள விஷயம் கொஞ்சம்தான். தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாதீர்கள். தள்ளிக் கரையேற்றுங்கள், அல்லது டோ வண்டி வரட்டும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் முடிந்தது, ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக்கையும், டீசல் என்றால் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ மெக்கானிக்கை வைத்துக் கழற்றி, என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். ரயில் டிரைவர் திருகைத் திறந்ததும், டகோட்டாவின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றியதும் இதேதான். பிறகு என்ஜின் ஆயிலைப் பாருங்கள், பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் காரை எடுக்கவே இல்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த அன்று வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் ஓரமாகக் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். பேப்பரில் எல்லாம் படம் வந்தது, சிலர் கிண்டல் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன்.

பெரியப்பாவிடம் பிற்பாடு ஒரு தடவை இந்தக் கணக்கையெல்லாம் விளக்கினேன், இரண்டு மூடி தண்ணீர் வரைக்கும். பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ உன் வண்டிய விட என் வண்டிதான்டா புத்திசாலி” என்றார். “பயந்தா நின்னுரும்.”